முதல் வரிசை வாய் திறக்கவில்லை

கால் நின்றுவிட்டது.

அரங்கத்தில் எண்ணூற்றுச் சொச்சம் பேர். அதைக் கவனித்தவர் ஒருவர்தான். மற்ற எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மேடையில் நின்றவருக்கு எழுபத்தொரு வயது. சுவரொட்டியில் அவருடைய சொந்தப் பெயர் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் யாரும் அதைச் சொல்வதில்லை. எட்டுக்கட்டை. அவ்வளவுதான். இளம் வயதில் அவர் குரல் ஏறிய உயரத்துக்கு யாரோ வைத்த பெயர். குரல் இப்போது ஐந்து கட்டைக்கு இறங்கிவிட்டது, பெயர் இறங்கவில்லை. பாடுவார், ஆடுவார், மடியில் ஒரு மரப்பொம்மையை வைத்துப் பேசவைப்பார், ஒரு ரயில் கிளம்பி அடுத்த நிலையத்தில் நிற்பது வரைக்கும் வாயாலேயே ஓட்டுவார். இரண்டு மணி நேரம், ஒற்றை ஆள்.

அந்த இரண்டு மணி நேரத்தில் ஜனங்கள் காத்திருப்பது ஒரு குறிப்பிட்ட இடத்துக்காக.

அவருடைய பேர்போன பாட்டு ஒன்று உண்டு. 'கதவைச் சாத்தி வைக்காதே, நான் காற்றின் பின்னால் வருகின்றேன்' என்று தொடங்கும். அவரே எழுதியது. அதன் இரண்டாவது சரணத்தில், 'ஊரே தூங்கிப் போனாலும்...' என்று இழுத்துவிட்டு நின்றுவிடுவார். தலையைச் சொறிவார். சட்டைப்பையைத் தடவுவார். தொப்பியைக் கழற்றி, வரி அதற்குள் விழுந்து கிடக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். பிறகு முதல் வரிசையைப் பார்த்துக் கையை நீட்டி, "அடுத்தது என்ன?" என்பார்.

முதல் வரிசை ஒரே குரலில் எடுத்துக் கொடுக்கும்: "உன் ஜன்னல் மட்டும் தூங்காது!"

"அடடே! என் பாட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சிரிப்பு கூரையைத் தூக்கும். முப்பத்தொரு வருடமாக, ஞாயிறு தவறாமல், மாலை நாலு மணிக் காட்சியில்.

அந்த வரியைக் கொடுக்கும் உரிமை முதல் வரிசைக்கு மட்டும்தான். எழுதிவைக்காத சட்டம். பின்னால் இருப்பவன் முந்திக்கொண்டு கத்தினால் அரங்கமே அவனை 'உஸ்ஸ்' என்று அடக்கிவிடும். முதல் வரிசை என்பது ஏழு பேர். ஒரு காலத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். காலம் ஐந்து பேரைக் கழித்துவிட்டது.

அந்த ஏழில் ஒருவர் லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பத்து மூன்று. லிஃப்ட்டின் கதவில் காதை வைத்தால் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் காதைக் கழற்றி வைத்துவிட்டுப் பாட்டுக் கேட்க அவருக்குத் தெரியாது. அதனால் அவருக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும். எட்டுக்கட்டை பாடும்போது அவருடைய வலது குதிகால் மேடைப் பலகையைத் தட்டிக்கொண்டே இருக்கும். மறந்ததுபோல் நடிக்கும்போதும் தட்டும். கை சட்டைப்பையைத் துழாவும், முகம் திருதிருவென்று விழிக்கும், ஆனால் குதிகால் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். சரியாக நாலு தட்டு. ஐந்தாவதில் வரி வந்து விழுந்தாக வேண்டும்.

இன்று அவர் நின்றது இரண்டாம் சரணத்தில் அல்ல. பல்லவியிலேயே.

"கதவைச் சாத்தி வைக்காதே, நான்..."

நிசப்தம். தலையைச் சொறிந்தார்.

"கிழவர் இடத்தை மாத்திட்டாருடோய்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அரங்கம் குலுங்கியது.

முதல் வரிசை வரியைக் கொடுத்தது. மெக்கானிக்கும் பழக்கதோஷத்தில் கூடவே கத்தினார். கத்திக்கொண்டிருக்கும்போதே பார்த்தார்.

குதிகால் அசையவே இல்லை. வரி காதில் விழுந்த பிறகுதான், நின்றுபோன கடிகாரத்தைத் தட்டிவிட்டதுபோல, அது மறுபடி ஓடத் தொடங்கியது.

* * *

காட்சி முடிந்து எதிர்க்கடையில் டீ குடித்தார்கள். அதுவும் வழக்கம்.

"என்ன லிஃப்ட்டு, மூஞ்சி ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோன மாதிரி இருக்கு?" என்றார் வேன் டிரைவர். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவர். ஏழு பேரில் குசும்பு அவருக்குத்தான் அதிகம்.

"அவரு நிஜமாவே மறந்துட்டாருய்யா."

"அதானே அவரோட ஐட்டமே!"

"ஐட்டம் இல்ல. கால் நின்னுடுச்சு."

மருந்துக்கடை அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். அறுபது வயது, சொந்தமாக மருந்துக்கடை, ஏழு பேருக்கும் தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, யாரும் எதிர்க்கவும் இல்லை.

"கால் வலிச்சிருக்கும். எழுபது வயசுக்கு மேல கால் நிக்காம ஓடவா செய்யும்? வாயைக் கழுவு."

"அக்கா, நான் சொல்றது..."

"கழுவுன்னேன்."

வீட்டிலும் அதே கதைதான். மெக்கானிக்கின் மனைவி ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். நாள் முழுவதும் அடுத்தவர் கவலையைக் கேட்டுக் கேட்டு, சொந்தக் கவலைக்குச் சிரிப்பு ஒன்றுதான் மருந்து என்று முடிவு செய்தவள்.

"என் பொறந்த நாளை நாலு தடவை மறந்திருக்கீங்க. எந்தக் கால் நின்னுச்சு?"

அவர் சிரிக்கவில்லை. தட்டில் சோறு அப்படியே இருந்தது. அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"நிஜமாவா?"

"முந்தின ரெண்டு வாரமும் இப்படி ஏதோ ஆச்சு. அப்ப நானும் சிரிச்சுட்டேன்."

* * *

மறுநாள் காலை பத்தரை மணி. எட்டு மாடி அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறைக்குள் குந்தியிருந்தார் மெக்கானிக். கம்பிக்கயிறுகளுக்குக் கிரீஸ் போடும் வேலை. லிஃப்ட்டை நிறுத்தியிருந்தார்.

கதவில் நிழல் விழுந்தது.

"எட்டு மாடியும் ஏற வச்சுட்டீங்களே அண்ணா!" மூச்சிரைக்க நின்றாள் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும்.

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே எழுந்தார். அடையாளம் தெரியாமல் என்ன? பாவாடை கட்டிய வயதில் அப்பாவுக்குத் தொப்பி எடுத்துக் கொடுக்க மேடைக்கு ஓடி வந்தவள்தானே. எட்டுக்கட்டையின் மகள். இப்போது தேதி குறிப்பதிலிருந்து விளக்குப் போடுவது வரைக்கும் எல்லாம் அவள் பொறுப்பு.

"என்னம்மா இவ்வளவு தூரம்? சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே."

"நேத்து ஹால்ல சிரிக்காத ஆளு நீங்க ஒருத்தர்தான். நான் திரைக்குப் பின்னாடியிருந்து பாத்தேன்."

ஒரு மரப்பெட்டியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. இல்லையா?"

"கால் நின்னுதும்மா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு கொட்டினாள். ஆறு மாதமாக நடக்கிறது. சாவியை வைத்த இடம், சாப்பிட்டோமா இல்லையா என்பது. முதலில் அப்படித்தான். இப்போது மேடைக்கும் வந்துவிட்டது. டாக்டரிடம் கூப்பிட்டால், 'நான் வேணும்னுதான் பண்ணேன். ஜனங்க சிரிச்சாங்களே, நீ பாக்கல?' என்கிறார்.

"அவர் மறக்கிறப்பல்லாம் நீங்க எடுத்துக் குடுக்கறீங்க. ஹால் சிரிக்குது. அவருக்கு அது நோய்னே தெரியலண்ணா. தமாஷ் பண்ணினதா நிஜமாவே நம்பறாரு."

மெக்கானிக் துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"அது மட்டும்னா விட்டுருப்பேன். பாட்டு மறந்தா உயிரா போகுது? ஆனா படி இருக்கே."

படி. காட்சியின் கடைசி ஐட்டம். பாட்டு முடிந்ததும் பின்திரை விலகும். பதினெட்டுப் படி, ஒவ்வொன்றிலும் ஒரு பல்ப். எட்டுக்கட்டை ஆடிக்கொண்டே உச்சிக்கு ஏறுவார். பிறகு ஜனங்களுக்கு முதுகைக் காட்டியபடி, திரும்பியே பார்க்காமல், பின்பக்கமாகவே ஆடி இறங்குவார். கைப்பிடி கிடையாது. எண்ணிக்கை மட்டும்தான், அதுவும் மனசுக்குள்.

"போன புதன்கிழமை ஒத்திகை. ஒன்பதாவது படியில நின்னுட்டாரு. என்னப்பான்னு கேட்டேன். 'நான் ஏறிட்டு இருந்தேனா, இறங்கிட்டு இருந்தேனா?'ன்னாரு."

எந்த மாடியில் நிற்கிறோம் என்று தெரியாமல்போன லிஃப்ட்டை மெக்கானிக் பார்த்திருக்கிறார். அதை அப்படியே ஓடவிடுகிறவன் மெக்கானிக் இல்லை. முதலில் நிறுத்த வேண்டும்.

"படியைப் பிரிச்சு எடுத்துடும்மா."

"எடுத்தேனே! வாத்தியக்காரங்க எல்லார் முன்னாடியும் என்னை வேலையை விட்டு நிறுத்தினாரு. பெத்த பொண்ணை! மறுநாளே வேற ஆளை வச்சுக் கட்டிட்டாரு."

"நான் என்ன பண்ணணும்?"

அவள் அவரைப் பார்க்காமல், இருட்டாக இறங்கிய லிஃப்ட் குழியின் வாயைப் பார்த்தபடி சொன்னாள்:

"வர்ற ஞாயித்துக்கிழமை அவர் நிஜமா மறந்தா, வரியைக் குடுக்காதீங்க. நிக்கட்டும். அவருக்கே தெரியட்டும். தெரிஞ்சா அவர் படி ஏற மாட்டாரு. எங்கப்பா பிடிவாதக்காரர், முட்டாள் இல்ல."

"அத்தனை ஜனத்துக்கு முன்னாடியாம்மா?"

"வீட்டுல நூறு தடவை பண்ணிப் பாத்துட்டேன். வீட்டுல நான் ஒருத்திதானே இருக்கேன், அவர் நம்ப மாட்டாரு. அவர் நம்பற ஆளுங்க நீங்க ஏழு பேரும்தான்."

இறங்கும்போது பாதிப் படியில் நின்று திரும்பினாள்.

"வெளிய யாருக்கும் காரணம் தெரிய வேணாம்ணா. பேப்பர்ல போட்டுடுவாங்க. அதை அவரேதான் சொல்லணும்."

* * *

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால், கடைசி வரிசையில், இருபத்திரண்டு வயதுப் பயிற்சி மெக்கானிக் ஒருவன் நின்றுகொண்டே காட்சி பார்த்தான். அன்று எட்டுக்கட்டைக்குக் காய்ச்சல். நிஜமாகவே வரி மறந்து, வியர்த்து நின்றார். பொறுக்க முடியாமல் அவன் அங்கிருந்தே கத்திவிட்டான்: "உன் ஜன்னல் மட்டும் தூங்காது!"

எட்டுக்கட்டை நெற்றியில் கை வைத்துத் தேடினார். "அடடே, என் பாட்டு உனக்கு எப்படிடா தெரியும்? இங்க வா. இனிமே உனக்கு முன்னாலதான் இடம்."

அப்படிப் பிறந்ததுதான் அந்த ஐட்டம். மெக்கானிக்கின் வாழ்க்கையில் கூட்டத்திலிருந்து ஒருவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

இதையெல்லாம், அந்தத் திங்கட்கிழமை இரவு ஏழு பேரும் கூடிய மருந்துக்கடை உள்ளறையில் அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, ஏழு பேருக்கும் தெரியும். மகள் சொன்னதை மட்டும் சொன்னார். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஆளாளுக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

அக்காதான் முதலில் வெடித்தார்.

"முடியாது! அவர் கை நீட்டி நான் குடுக்காம இருந்ததே இல்ல. என் வீட்டுக்காரர் போன மறு வாரம்கூட வந்து குடுத்தேன். அந்த மனுஷனை நடு மேடையில நிக்க வச்சு வேடிக்கை பாக்கவா நாம ரசிகர்னு இருக்கோம்?"

"விழுந்தா என்னக்கா பண்றது?" என்றார் வேன் டிரைவர். அவர் குரலில் குசும்பு இல்லை. "பதினெட்டுப் படி. பின்பக்கமா."

அக்கா அலமாரியில் வரிசையாக இருந்த டப்பாக்களை வெறித்தார். ஒன்றிரண்டை நேராகத் திருப்பி வைத்தார். வெகுநேரம் கழித்து, யாரிடமும் இல்லாமல் சொன்னார்:

"என் தம்பி ஒரு தடவை தூக்க மாத்திரை கேட்டு வந்தான். டாக்டர் சீட்டு இல்லாம. காலைப் பிடிக்காத குறை. கடை நிறைய மாத்திரையை வச்சுக்கிட்டு இல்லைன்னேன். ரெண்டு வருஷம் அவன் என்கூடப் பேசல."

பிறகு மெக்கானிக்கைப் பார்த்தார்.

"நிஜமா பொய்யான்னு எங்களுக்கெல்லாம் தெரியாது. நீ கையை முட்டி மேல வச்சுக்கோ. கையைத் தூக்கினா குடுக்கறோம். தூக்கலைன்னா வாயைத் திறக்க மாட்டோம்."

"நான் மட்டுமா முடிவு பண்றது?"

"காலைப் பாக்கத் தெரிஞ்சவன் நீதானே. பாத்தவன் சுமக்கணும்."

* * *

ஞாயிறு. நாலு மணி. இடமே இல்லை. ஓரங்களில் நின்றார்கள்.

மெக்கானிக் வலது கையை வலது முட்டியின் மேல் வைத்தார். அது தன் கைபோலவே இல்லை. ஒரு பார்சலை வைத்திருப்பதுபோல் கனத்தது. அவர் மனைவியும் வந்திருந்தாள். கூட்டத்தில் இடம் கிடைக்காமல் வெளியே வராந்தாவில் நின்றுகொண்டாள்.

எட்டுக்கட்டை வந்தார். வந்த மாதிரியா வந்தார்! பொம்மை அன்று அவரையே கேலி செய்தது: "உனக்கு எழுபத்தொண்ணா? என்னை மரம்னு சொல்றே, நீதான்யா உளுத்துப் போயிருக்கே!" ரயில் கிளம்பியது, பாலத்தில் தடதடத்தது, நிலையத்தில் பெருமூச்சு விட்டு நின்றது. ஒரு இடம் பிசகவில்லை.

பாட்டு தொடங்கியது.

"கதவைச் சாத்தி வைக்காதே, நான் காற்றின் பின்னால் வருகின்றேன்..."

தடங்கல் இல்லை. குதிகால் கணீரென்று பலகையில் விழுந்தது. முதல் சரணம் தண்ணீராக ஓடியது. மெக்கானிக்கின் தோள் தளர்ந்தது. வேன் டிரைவர் பக்கத்திலிருந்து முணுமுணுத்தார்: "லிஃப்ட்டு, அவர் நம்மைப் பொதைச்சுட்டுத்தான்யா போவாரு."

இரண்டாவது சரணம்.

"ஊரே தூங்கிப் போனாலும்..."

நின்றார். நிற்க வேண்டிய இடம்தான். எண்ணூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். தலையைச் சொறிந்தார். சட்டைப்பையைத் தடவினார். தொப்பியைக் கழற்றி எட்டிப் பார்த்தார். சிரிப்பு அலையாகக் கிளம்பியது.

மெக்கானிக் கீழே பார்த்தார்.

குதிகால் அசையவில்லை.

முப்பத்தொரு வருடப் பழக்கத்தில் கை, முகம், தொப்பி எல்லாம் அது அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தன. உள்ளே ஆள் இல்லை.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

"அடுத்தது என்ன?" கை நீண்டது.

ஆறு ஜோடிக் கண்கள் மெக்கானிக்கின் கையின் மேல். அவருக்கும் தெரிந்தது, இப்போது தூக்கிவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. மறக்க வேண்டிய இடத்தில்தானே மறந்திருக்கிறார்! வரி விழும், சிரிப்பு வெடிக்கும், பாட்டு முடியும். அப்புறம் திரை விலகும். பதினெட்டு பல்ப் எரியும்.

விரல்கள் முட்டியை இறுக்கின. கை எழும்பவில்லை.

ஐந்து. ஆறு.

அக்கா வாயைத் திறந்துவிட்டார். அக்கா கைக்குட்டையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது. பின்னாலிருந்து யாரோ ஒருவர் பொறுக்காமல், "உன் ஜன்ன..." என்று ஆரம்பித்தார். 'உஸ்ஸ்!' என்று அரங்கமே அவர் வாயை அடைத்தது. அது முதல் வரிசையின் வரி.

"முதல் வரிசை, தூங்கிட்டீங்களா?" எட்டுக்கட்டை மேடை விளிம்புக்கு வந்தார். அங்கங்கே சிரிப்பு. இந்த வசனம் எந்த வாரமும் இருந்ததில்லை. "அடுத்தது என்ன? சொல்லுங்கப்பா."

அவர் கண்கள் ஒவ்வொரு முகமாக நகர்ந்தன. வேன் டிரைவர். அக்கா, வாயில் துணியோடு. ஏழாவது நாற்காலியில் மெக்கானிக். ஏழு முகம். ஒன்றில்கூடச் சிரிப்பு இல்லை.

பிறகு அவர் மெக்கானிக்கின் பார்வை போன இடத்தைப் பார்த்தார். குனிந்து, தன்னுடைய வலது காலையே பார்த்தார். யாரோ மேடையில் கழற்றிப்போட்டுவிட்டுப் போன செருப்பைப் பார்ப்பதுபோல.

அரங்கத்தில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. அவ்வளவுதான் சத்தம்.

எட்டுக்கட்டை நிமிர்ந்தார். தொப்பியைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டார். இடுப்பை வளைத்து வணங்கினார். எப்போதும் கடைசியில் வணங்கும் அதே வணக்கம்.

"இன்னிக்கு இவ்வளவுதான். பத்திரமா வீட்டுக்குப் போங்க."

திரை விழுந்தது. படி வெளிச்சத்துக்கு வரவே இல்லை.

* * *

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கோபம் முதல் வரிசையின் மேல் திரும்பியது.

"வாய்ல என்ன பூட்டா போட்டிருந்தீங்க?"

"பெரிய மனுஷனை நிக்க வச்சு அவமானப்படுத்திட்டானுங்களே!"

யாரோ எறிந்த காகிதச் சுருள் அக்காவின் தோளில் பட்டு விழுந்தது. அவர் துடைத்துக்கூடப் பார்க்கவில்லை. வேன் டிரைவர் எழுந்து அவருக்குப் பின்னால் தன் அகலமான முதுகை வைத்து நின்றுகொண்டார்.

பக்கவாட்டுக் கதவிலிருந்து மகள் கையசைத்தாள். "அண்ணா. கூப்பிடறாரு. உங்களை மட்டும்."

ஒப்பனை அறை. நிலைக்கண்ணாடியைச் சுற்றி பல்ப்கள். எட்டுக்கட்டை கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வலது ஷூவைக் கழற்றியிருந்தார், காலுறையையும். வெறும் பாதம் தரையில் இருந்தது.

"சாத்திட்டு வா."

சாத்தினார். கிட்டத்தில் அவர் மிகவும் சின்னதாக இருந்தார்.

"யார் சொல்லிக் குடுத்தது? என் பொண்ணா?" பதிலுக்குக் காத்திருக்காமல், "பொய் சொல்லாதே. உனக்கு வராது" என்றார்.

"அவங்க கேட்டாங்கண்ணே. கையைத் தூக்காம இருந்தது நான்தான்."

"எப்படிடா கண்டுபிடிச்சே? மறக்க வேண்டிய இடத்துலதானே மறந்தேன்?"

"கால் நின்னுபோச்சுண்ணே."

எட்டுக்கட்டை தன் பாதத்தைப் பார்த்தார். பிறகு அவரை.

"முப்பத்தொரு வருஷமா என் காலையாடா பாத்துட்டிருந்தே? மேல ஒருத்தன் மூஞ்சியை வச்சுக்கிட்டு என்னென்னவோ வித்தை காட்டிட்டிருந்தானே?"

"அவரை எல்லாரும் பாத்தாங்கண்ணே."

வெளியே கூட்டம் கலையும் இரைச்சல் சுவர் வழியாக வந்தது.

"எத்தனை தடவை?"

"எனக்குத் தெரிஞ்சு நாலு. முதல் ரெண்டுல..." மெக்கானிக் மறுபடி ஆரம்பித்தார். "முதல் ரெண்டுல நானும் சிரிச்சுட்டேண்ணே."

"ம்." எட்டுக்கட்டை தொப்பியை மடியில் வைத்து அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவினார். "சிரிப்பு வந்துச்சுன்னா அது ஐட்டம். நான் அப்படித்தான்டா கத்துக்கிட்டேன். மறந்தாலும் சிரிச்சாங்க. சரி, நாமதான் பண்றோம் போலன்னு இருந்துட்டேன். இன்னிக்கு உங்க மூஞ்சியைப் பாத்தேன்... மேடையில நான் பயந்ததே இல்ல. இன்னிக்குப் பயந்தேன்."

மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் படி," என்றார் எட்டுக்கட்டை கதவைப் பார்த்துக் குரலை உயர்த்தி. வெளியே மகள் நிற்பது அவருக்குத் தெரியும். "பிரிச்சுடச் சொல்லு. பல்ப்பை உடைக்காம கழட்டணும். டாக்டர்கிட்ட நாளைக்குப் போகலாம், காலையில. மத்தியானம்னா எனக்குத் தூக்கம் வரும்."

கதவுக்கு வெளியே, யாரோ மெல்லச் சுவரில் சாய்ந்து சரிவது கேட்டது.

"ஜனங்ககிட்ட நான் சொல்லிக்கறேன். அது வரைக்கும் உங்களை ஏசுவாங்க. தாங்குவியா?"

"தாங்கறேண்ணே."

"சரி. இப்பச் சொல்லு."

"என்னண்ணே?"

"வரியை. நின்ன இடத்துலேயே நிக்குதுடா உள்ள."

முப்பத்தொரு வருடம் கூட்டத்தோடு கத்திய வரி. தனியாகச் சொல்ல இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது.

"உன் ஜன்னல் மட்டும் தூங்காது."

எட்டுக்கட்டை கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்தன. கண்ணைத் திறந்தபோது முகத்தில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

"நல்ல வரிடா. யார் எழுதினது?"

மெக்கானிக் மெதுவாகப் பார்வையைக் கீழே இறக்கினார்.

சிமெண்டுத் தரையில், வெறும் குதிகால், சத்தமே இல்லாமல் தட்டிக்கொண்டிருந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

* * *

பின்வாசல் வழியாக வெளியே வந்தார். அங்கேயும் பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். "நீயெல்லாம் ஒரு ரசிகனாய்யா?" என்றான் ஒருவன், மூக்குக்கு நேராக விரலை நீட்டி. மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு அந்த விரலைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

தெருமுனையில் மனைவி நின்றிருந்தாள். இரண்டு பேரும் பேருந்து நிறுத்தம் வரைக்கும் நடந்தார்கள். உட்கார்ந்த பிறகு, அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முட்டியை இறுக்கிப் பிடித்ததில் விரல் நுனிகள் இன்னும் வெளுத்திருந்தன.

"பேசினாரா?"

"ம்."

"என்ன சொன்னாரு?"

"ஜோக் அடிச்சாரு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கன்னம் ஈரமாக இருந்தது.

"சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன்," என்றார் மெக்கானிக். "இந்தத் தடவை, காலைப் பாத்துட்டுத்தான் சிரிச்சேன்."